காலுக்குக் கொதி

நம்ம வயசுக்காரர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். முட்டுவலி, சுகர், பிரஷர், யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன வைத்தார்கள். அதிலெல்லாம் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எந்தக் கல்யாண வீட்டிலும் எந்த மரண வீட்டிலும் யாரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்காத ஒன்று இருக்கிறது. படுத்தவுடன் காலுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்காருகிறதே, அது. உங்களில் யாருக்காவது இருந்தால் இதைப் படிக்கும்போதே கால் விரலை மடக்கியிருப்பீர்கள். இல்லாதவர்கள் போய் நிம்மதியாகத் தூங்குங்கள். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அது வலி இல்லை. அரிப்பும் இல்லை, மரத்துப்போவதும் இல்லை. சோடா பாட்டிலைக் குலுக்கிவிட்டு மூடியைத் திறக்காமல் வைத்தது போல முட்டுக்குக் கீழே ஒரு தவிப்பு. ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். பகல் முழுக்க எங்கே போயிருந்ததோ, உடம்பு பாயில் பட்டதும் வந்துவிடும். நான் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் நடத்தி ஓய்வுபெற்றவள். தவளையின் காலை அறுத்து நரம்பைக் காட்டியிருக்கிறேன். என் காலில் இருப்பதற்குப் பெயர் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை காலம் கிடந்தேன்.

சில வருஷம் முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், என் மகளைவிடச் சின்னப் பெண், அதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர் சொன்னாள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்றாள், மாத்திரை எழுதினாள், சாயங்காலத்துக்கு மேல் காப்பி கூடாது என்றாள். எழுந்திருக்கப் போகும்போது, "வீட்டில் வேறெ ஆர்க்கெங்கிலும் உண்டோ அம்மே?" என்று கேட்டாள். அம்மாவுக்கு உண்டு என்றேன். கூடப்பிறந்தவர்களுக்கு? ஒரு தம்பி, அவனுக்கு இல்லை. "எல்லாம் ஒனக்க மனசுல உள்ளதாக்கும் எக்கா" என்பது அவன் கட்சி. டாக்டர் தலையாட்டினாள். நான் பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அந்த "உண்டோ" என் காதிலேயே கிடந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அது ஒரு இடவப்பாதி மழைக்காலம், நான் நாலாம் வகுப்பு. கேரள எல்லையில், கொல்லயிலில் எங்கள் வீடு. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், சண்டை வந்தால் இரண்டும். அப்பா நெய்யாற்றின்கரையில் குமாஸ்தா. தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு தங்காமல் போயிருந்ததால், அம்மா அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. அந்த "அசையாமல்" என்ற சொல்லை வீடே பிடித்துக்கொண்டது. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்கள்.

வீட்டை நடத்தப் பெருங்கடவிளையிலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பிள்ளை இல்லாதவள். ஒரு டிரங்குப் பெட்டியோடு, எதைச் செய்தால் என்ன ஆகும் என்ற விவரமும் அவள் கூடவே வந்து இறங்கியது. விளக்கு வைத்த பிறகு தலை சீவினால் என்ன ஆகும், வாசப்படியில் நின்று தும்மினால் என்ன ஆகும், எல்லாம் அவளுக்குத் தெரியும். அன்பில்லாதவள் இல்லை. மீன் இல்லாத வீட்டில் கருணைக்கிழங்கை மீன் போலவே பொரித்துத் தந்து என்னை ஏமாற்றத் தெரிந்தவள்.

அம்மாவுக்கு மேற்கு அறைக் கட்டில். அப்பா வெளி அறையில். நானும் பெரியம்மாவும் நடு அறையில், தாழம்பாயில். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டும். என் காலில் கொலுசு இருந்தது. முந்தின ஓணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. பகலில் அது எனக்கு அலங்காரம், படுத்தால் காட்டிக்கொடுக்கிற சனியன்.

சிலும் சிலும்.

"எட்டி, அடங்கிக் கெட."

சிலும்.

"எறும்பு கடிக்கா?"

"இல்ல."

"நோவுதா?"

"இல்ல பெரியம்மே."

"பின்ன என்னத்துக்காக்கும் இந்த ஆட்டம்?"

அதை அடக்க நான் செய்யாததா? உள்ளங்காலைச் சுவரில் வைத்து அழுத்திப் பார்த்தேன். பாயைத் தள்ளிவிட்டு ஈரம் ஊறிய சிமெண்டுத் தரையில் கெண்டைக்காலை ஒட்டவைத்தேன். ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு கேட்காது. கடைசியில் நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கவிழ்ந்து படுத்து, முட்டுக்குக் கீழே காலைத் தூக்கி, முன்னும் பின்னும் வீசி ஆட்டுவது. ஆகா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெளியே மழை, உள்ளே கொலுசு, காலில் இருந்த தவிப்பெல்லாம் விரல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாள். என் இரண்டு காலையும் பிடித்துக் கீழே அமுக்கினாள்.

"கவுந்து கெடந்து காலாட்டப்பிடாது மக்கா. அம்மைக்கு ஆவாதாக்கும்."

"ஆவாதுன்னா?"

"ஆவாதுன்னா ஆவாது. அம்மை இல்லாத பிள்ளையாப் போவ."

திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, பலகைச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். அதனால்தான் நான் நம்பினேன்.

நம்ம பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை யார்? நீங்களும் கேட்டிருப்பீர்கள், காலை இறக்கிவிட்டு மறந்திருப்பீர்கள். உங்கள் கால் சொன்னால் நிற்கிற கால். என் கால் அப்படி இல்லை. அந்தப் பக்கம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறாள். இந்தப் பக்கம் என் கால் ஆடுகிறது. அம்மாவின் உயிர் என் முட்டுக்குக் கீழே இருக்கிறது என்று ஆகிவிட்டது.

எப்படியாவது பெரியம்மாவுக்கு விளங்கவைக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து ஒரு சொல் கண்டுபிடித்தேன். பலாப்பழ வாசனை வந்தால் வாய்க்குக் கொதி வருமே, ஆசை அடங்காதே, அது மாதிரி காலுக்கு ஓட ஆசை. மறுநாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"பெரியம்மே, எனக்க காலுக்குக் கொதியா இருக்கு."

இன்றைக்கும் இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. டாக்டரின் இங்கிலீஷ்கூட இதற்கு அப்புறம்தான். ஆனால் எங்கள் ஊரில் கொதிக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறதே! பிள்ளை சாப்பிடுவதை யாராவது ஆசையோடு பார்த்தால் கொதி விழும், வயிறு கெடும், உப்பில் ஓதிக் கொடுத்தால்தான் தீரும். பெரியம்மாவின் காதில் விழுந்தது அந்தக் கொதி.

"காலுலயா? யாரு பாத்தது?" என்று யோசித்தாள். பிறகு கையைத் தட்டினாள். "மேலத்து வீட்டுக்காரி! ஒனக்க கொலுசப் பாத்து நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னாளே, பாவி."

அந்தப் பாவிக்கு எங்கள் வீட்டில் அதன்பிறகு ஒரு மாசம் மோர்கூடக் கொடுக்கவில்லை. அவளுக்கு ஏன் என்றே தெரியாது.

உப்பு ஓதுகிறவர் காரோடு என்ற ஊரில் இருந்தார். பஸ்ஸில் போனோம். பஸ்ஸின் தரை நடுங்கிய நடுக்கத்தில் என் கால் என்ன சுகமாக இருந்தது தெரியுமா! இப்படியே நாகர்கோவில்வரை போனால் என்ன என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஓதுகிறவர் மெலிந்த மனிதர், திண்டில் உட்கார்ந்து வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா விஷயத்தைச் சொன்னதும் ஊசியை நிறுத்தினார்.

"கொதி வயற்றிலல்லே விழுந்நது? காலிலோ?"

"காலுலதான். பிள்ளை அதுக்க வாயால சொன்னதாக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்கு விளங்கியது. இருந்தாலும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. கல் உப்பை உள்ளங்கையில் வைத்து ஓதி, இலையில் மடித்துத் தந்தார். தின்பதா, தடவுவதா என்று அவரும் சொல்லவில்லை. பெரியம்மா எதிலும் குறை வைக்கிறவள் இல்லை. பாதியை என் வாயில் போட்டாள், பாதியைத் தண்ணீரில் கரைத்துக் காலில் ஊற்றினாள். கொலுசைக் கழற்றி ஒரு பால்பொடி டின்னில் போட்டு மச்சில் ஏற்றினாள். பின்னால் எப்போதோ அந்த டின்னை இறக்கிப் பார்த்தபோது உளுந்துதான் இருந்தது. கொலுசு போன வழி தெரியவில்லை.

கொலுசு போனதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பெரியம்மா குறட்டை விட ஆரம்பித்ததும் கொஞ்சமே கொஞ்சம், சத்தமில்லாமல், கவிழ்ந்து படுத்து ஆட்டினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்தால் அம்மாவின் கட்டில் காலி. விரிப்பை எடுத்திருந்தார்கள். மெத்தையில் ஈரத் துணியால் துடைத்த அடையாளம். அம்மாவுக்கு ரத்தம் கண்டுவிட்டது, அப்பா டாக்சி பிடித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று பெரியம்மா சொன்னாள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. யார் செய்தது என்று எனக்குத் தெரியும். என் காலைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. யாரோ கொண்டுவந்து என் உடம்பில் ஒட்டிவைத்த இரண்டு பொல்லாத பிராணிகள் போல அவை தரையில் நின்றன.

அன்று படுக்கும்போது அப்பாவின் தோர்த்துத் துண்டை எடுத்து இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டினேன். அது போதவில்லை. இன்னொரு தோர்த்தால் அந்தக் கட்டை நெல்லுப் பத்தாயத்தின் காலோடு பிணைத்தேன். போர்வையை மேலே இழுத்துவிட்டேன். கட்டிய பிறகுதான் கால் முழு வேகத்தில் வந்தது. ஆட முடியாத கால் ஆட வேண்டும் என்று கேட்பதை அனுபவித்தால்தான் தெரியும். துணியை வாயில் கவ்விக்கொண்டு கிடந்தேன்.

சில நாளில் அம்மா திரும்பி வந்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, படுத்திருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் ஆட்டினேன், அம்மா போனாள். நான் கட்டினேன், அம்மா வந்தாள். சோதனை, முடிவு, நிரூபணம். இப்படி முடிவுக்கு வரக்கூடாது என்று பிற்காலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு யார் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்.

கணுக்காலில் தோல் உரிந்தது. பாதம் வீங்கியது. மழையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பெரியம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள்: "பிள்ளைக்குக் கொதி எறங்கிட்டு. இப்ப கட்டை மாதிரி கெடந்து ஒறங்குது."

கண்டுபிடித்தது அம்மாதான். ஒருநாள் நாங்கள் படுத்துக் கொஞ்ச நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. அம்மா அரிக்கன் விளக்கோடு நின்றாள். அசையாமல் கிடக்க வேண்டியவள் நின்றாள்.

"எட்டி, ஒறங்கல்லியா?"

"இல்ல."

"ஒனக்க சத்தமே இல்லியே. கொலுசத்தான் எடுத்தாச்சு, பாயி சத்தமும் கேக்கல்ல."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தினமும் என் காலைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். குனிய முடியாமல் குனிந்து, போர்வையை விலக்கினாள். விளக்கு ஆடியது.

"யாரு கெட்டினது?"

"நானாக்கும்."

"எதுக்கு மக்கா?"

"நீ சாவாம இருக்கதுக்கு."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். அதற்குள் பெரியம்மா விழித்துக்கொண்டு, "எம்மா, நீ எதுக்கு எழும்பின, போய்க் கெட" என்று பதறினாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கணுக்காலைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, எனக்கிட்டயும் நீ இதத்தான் சொன்ன. அம்மை போன அன்னைக்கு, வீட்டுக்குப் பொறத்தால கொண்டுபோயி. 'நீ ஆட்டி ஆட்டித்தாண்டீ அம்மை செத்தா'ன்னு."

அம்மாவின் அம்மா காய்ச்சலில் இறந்தவர் என்று எனக்குத் தெரியும். அப்போது அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மற்றது தெரியாது. யாருக்கும் தெரியாது. அத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பலகாரம் கொடுத்தனுப்பி, சேலை எடுத்துக் கொடுத்து, அந்த ஒரு பேச்சைத் தொடாமலே இருந்திருக்கிறார்கள்.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் அன்னைக்குச் சின்னப்பிள்ளைதானட்டி."

அவள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அப்போது அவள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவை இழந்த ஒரு சிறுமி யாரையாவது குற்றம் சொல்லாமல் எப்படி அந்த நாளைத் தாண்டியிருப்பாள் என்பதெல்லாம் இந்த வயதில் தோன்றுகிறது.

அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். "எனக்கும் இந்தக் காலாக்கும் மக்கா. ஆட்டப் பயந்து நான் நடப்பேன். எல்லாவனும் கெடந்த பெறகு நடப்பேன். இப்பவும் நடக்கேன்." பிறகு என் முன்னால் நின்றாள். "கவுந்து கெட."

"வேண்டாம்மா."

"கெடட்டி. காலத் தூக்கு. ஆட்டு."

ஆட்டினேன். தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆட்டினேன். அழுதுகொண்டு ஆட்டினேன்.

"நான் உண்டா?"

"உண்டு."

"பின்னயும் ஆட்டு. நல்லா வீசி ஆட்டு. இப்ப உண்டா?"

"உண்டு."

"ஆ. அவ்வளவுதான்."

ஓணம் வருவதற்குள் தம்பி பிறந்தான், குறையொன்றும் இல்லாமல், கொழுக்கென்று. பெரியம்மா அவன் தவழும்வரை எங்களோடு இருந்தாள். படுத்ததும் என் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். நான் கவிழ்ந்து படுத்தால் மட்டும் பார்க்க மாட்டாள், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆட்டத் தொடங்கியதும் நான் சுவரைப் பார்த்துக் கூப்பிடுவேன்: "அம்மே, உண்டா?" அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "உண்டு மக்கா, ஒறங்கு." தம்பி அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான். அப்பா அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்தார்.

விளையாட்டு இல்லை. படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமாகிப் பாறசாலைக்குப் போனேன், பிள்ளை பெற்றேன். வீட்டுக்குப் போன் வந்த பிறகு தினமும் சாப்பிட்டு முடித்ததும் அம்மாவைக் கூப்பிடுவேன். "ஆட்டப் போறியா?" என்பாள். "ஆமா" என்பேன். "நான் இஞ்ச உண்டு. வச்சிரட்டா?" சயன்ஸ் டீச்சர்தான். ஆனால் அதன்பிறகு ஒருநாள்கூட அம்மாவை விசாரிக்காமல் நான் காலை ஆட்டியதில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா எண்பதைத் தாண்டி, போன மழைக்காலத்தில், சாயங்காலம் கஞ்சித்தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் என் கால் அசையவே இல்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய அன்று நானும் தம்பியும் மட்டும் கொல்லயில் வீட்டில் தங்கினோம். அதே நடு அறை, அதே பலகைச் சுவர். படுத்ததும் கால் வந்துவிட்டது. அதற்குத் துக்கமாவது ஒன்றாவது. கவிழ்ந்து படுத்தேன். இனி ஆட்டலாம், ஆட்டினால் சாக அம்மா இல்லை என்று நினைத்துக்கொண்டேன். காலைத் தூக்கினேன். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"அம்மே, உண்டா?"

"உண்டு" என்று பதில் வந்தது.

வெளி அறையிலிருந்து. தம்பியின் குரல். எழுந்து போய்ப் பார்த்தேன். விளக்குப் போடாமல், சுவரோரமாக, அம்மா நடந்த மாதிரியே நடந்துகொண்டிருந்தான்.

"ஒனக்கும் உண்டா எலே?"

"சின்னதுலயே உண்டு எக்கா."

"பின்ன ஏன் சொல்லல்ல? என்னைக் கிண்டல் பண்ணிட்டுத் திரிஞ்ச."

அவன் நடந்துகொண்டேதான் சொன்னான். "நீ தெனமும் கேப்பியே, அம்மே உண்டா, அம்மே உண்டான்னு. அதக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு பயம். ஆட்டினா அம்மை இல்லாமப் போயிரும்னு. நான் ஒருநாளும் ஆட்டினதில்ல எக்கா. நடப்பேன்."

மச்சில் கிடந்த இன்னொரு பாயை எடுத்து வந்து என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். "வா, கவுந்து கெட" என்றேன். வழுக்கைத் தலையோடு அந்தப் பெரிய உடம்பைக் கொண்டுவந்து கவிழ்ந்து படுத்தான். "காலத் தூக்கு. ஆட்டு." முதலில் பயந்து பயந்து ஆட்டினான். பிறகு நன்றாக வீசி ஆட்டினான். நானும் ஆட்டினேன். பலகைச் சுவரைப் பார்த்து இரண்டு பேரும் எதுவும் கேட்கவில்லை.